ஸ்கான்ஸ்: ஒளியை ஒளித்துத் தரும் விளக்கு

இணையத்தில் வாங்கிய பெட்டியின் மேல் 'துணி சுவர் ஒளி' என்று தமிழில் அச்சிட்டிருந்தார்கள். பிரித்துப் பார்த்தால், சுவரில் திருகும் பித்தளைத் தாங்கி, அதன் மேல் உருளை வடிவில் வெள்ளைத் துணி. ஆங்கிலத்தில் வெளிச்சமும் 'லைட்'தான், வெளிச்சம் தரும் பொருளும் 'லைட்'தான். தமிழில் வருவது ஒளி, தருவது விளக்கு. மொழிபெயர்த்த இயந்திரத்துக்கு அந்த வித்தியாசம் எட்டவில்லை.

கடைத்தெருவில் இதை 'வால் லைட்' என்று கேட்டால் கொடுப்பார்கள். வீட்டு உள்ளலங்காரம் செய்பவர்கள் சொல்லும் பெயர் 'ஸ்கான்ஸ்'. லத்தீனில் 'அப்ஸ்காண்டெரே' என்றால் மறைத்து வைப்பது. அதிலிருந்து பழைய பிரெஞ்சில் 'எஸ்கோன்ஸ்' வந்தது. மறைவிடம் என்றும், சுடரை மறைத்து எடுத்துப்போகும் லாந்தர் என்றும் அதற்குப் பொருள். ஆங்கிலத்துக்கு வந்தபின் மெழுகுவர்த்தித் தாங்கியாகி, சுவரில் ஏறி, மின்சாரம் வந்தபோது பல்பை மாட்டிக்கொண்டது.

விளக்கின் பெயருக்குள் மறைப்பதா என்று தோன்றலாம். நம் 'ஒளி'யைப் பாருங்கள். பெயராக நின்றால் வெளிச்சம், வினையாக வந்தால் மறைத்து வை. பிரெஞ்சுக்காரர் சுற்றி வந்த இடத்தில் நாம் ஒரே உருவத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். 'விளக்கு' இதற்கு நேர் எதிர்: விளங்கச் செய்வது. சொல்லுக்கு எழுதும் 'விளக்க'மும் அதே குடும்பம்தான்.

சரி, தமிழில் என்ன சொல்வது? மாடவிளக்கு என்று சொல்ல ஆசையாக இருக்கும். ஆனால் மாடம் சுவருக்குள் குடைந்த குழி. அகல் அதன் உள்ளே உட்காரும்; மேலே கரி படிந்து கறுத்திருக்கும். இதுவோ சுவரிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருப்பது. கைவிளக்கு, தூக்குவிளக்கு, தெருவிளக்கு என்று இருக்குமிடத்தை முன்னால் வைத்துச் சொல்வது நமக்குப் பழகிய வழி. அதன்படி சுவர்விளக்கு. இதற்கு மேல் மெனக்கெட வேண்டாம்.

சிக்கல் பல்பைச் சுற்றியிருக்கும் அந்தத் துணிக்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'ஷேடு' என்ற சொல்லில்தான். இதை 'விளக்கு நிழல்' என்று எழுதுகிறார்கள், படிக்கவே கூசுகிறது. இங்கே அது நிழல் அல்ல, மறைப்பு. 'உறை' எனலாம், ஆனால் தலையணை உறையும் வாளின் உறையும் பொருளை ஒட்டிக் கிடப்பவை. இது பல்பைத் தொடாமல் கம்பிச் சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணி. இலங்கையில் சட்டத்தின் மேல் காகிதம் ஒட்டி உள்ளே விளக்கு வைப்பதை 'வெசாக் கூடு' என்கிறார்கள். அதே அமைப்புதான் இதற்கும். ஆகவே துணிக்கூடு. கடையில் 'துணிக்கூடு போட்ட சுவர்விளக்கு' என்று கேளுங்கள். 'கூட்டு விளக்கு' என்று மட்டும் சுருக்கிவிடாதீர்கள், கூட்டுக்குடும்பம் ஞாபகம் வரும்.

கூட்டின் வேலை எளிது. பல்பிலிருந்து நேராக வரும் வெளிச்சத்தை இழைகள் சிதறடித்துத் துணி முழுக்கப் பரப்புகின்றன, கண் கூசாது. 2700 கெல்வின் (வெளிச்சத்தின் நிறத்தைக் குறிக்கும் அளவு) மஞ்சள் எல்இடி போட்டால் பழைய குண்டு பல்பின் நிறம் கிடைக்கும். குண்டு பல்பையே போட்டால் சூட்டில் துணி பழுக்கும். 'ஆம்பியன்ட் லைட்டிங்' என்பதைச் சூழொளி என்று எழுதலாம், பேச்சில் மெல்லிய வெளிச்சம் போதும். ஒரு எச்சரிக்கை: பூச்சிக்காக உள்ளே புகும் பல்லி, துணியில் விழும் நிழலில் உடும்பு அளவுக்குத் தெரியும். முதல் நாள் ராத்திரி வீட்டில் எல்லோரும் எழுந்துவிட்டோம்.

மாட்டும்போது உயரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான கூடுகளுக்கு மேலும் கீழும் வாய் திறந்திருக்கும். எங்கள் வீட்டில் ஐந்தரை அடி சரியாக இருந்தது. நின்றால் மேல்வாய் வழியாகவும், உட்கார்ந்தால் கீழ்வாய் வழியாகவும் பல்பு கண்ணில் படவில்லை.