திருடன் எந்தப் பக்கம் திரும்பியிருந்தான்?

ஊட்டி, குன்னூர், கூடலூர் நீதிமன்றங்களில் குற்றவியல் வழக்கு நடத்துகிறவன் நான். "வீட்டுக்கு ஒரு துப்பாக்கி லைசென்ஸ் எடுத்துத் தர முடியுமா, சார்?" என்று கேட்டு வருபவர்களை இரண்டு வகையாகப் பிரிக்கலாம். சென்னையிலோ பெங்களூரிலோ வேலை பார்த்து ஓய்வு பெற்று, குன்னூர், கோத்தகிரிப் பக்கம் தனி வீடு கட்டிக்கொண்டு வந்தவர்கள் ஒரு வகை. ராத்திரி ஏழு மணிக்கு மேல் தெருவில் ஆள் நடமாட்டம் இல்லாததே அவர்களைப் பயமுறுத்துகிறது. தலைமுறை தலைமுறையாக இங்கேயே இருக்கும் தேயிலை, காய்கறி விவசாயிகள் இன்னொரு வகை. தாத்தா காலத்தில் வீட்டில் துப்பாக்கி இருந்தது, இப்போது இல்லை என்பது அவர்களுடைய குறை. 2017 ஏப்ரலில் கோடநாடு எஸ்டேட் பங்களாவுக்குள் இரவில் ஒரு கும்பல் புகுந்து காவலாளி ஒருவர் கொல்லப்பட்ட பிறகு இரு வகையினரும் கூடுதலாக வந்தார்கள். அந்த வழக்கைப் பற்றி இங்கே பேசப் போவதில்லை. அது கிளப்பிவிட்ட பயம் மட்டும் இன்னும் இந்த மலையைவிட்டு இறங்கவில்லை.

பயத்தைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வருகிறவர்கள் அத்தனை பேரும் துப்பாக்கியைப் பற்றித்தான் கேட்கிறார்கள். எந்த நொடியில் சுடலாம், எந்த நொடியில் கூடாது என்று கேட்டவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். வழக்கின் தலையெழுத்தே அந்த நொடியில்தான் இருக்கிறது.

முதலில் உரிமத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆயுதச் சட்டம் 1959, ஆயுத விதிகள் 2016 இரண்டும்தான் அடிப்படை. 21 வயது நிறைந்திருக்க வேண்டும். நம் மாவட்டத்தில் உரிமம் வழங்குபவர் மாவட்ட ஆட்சியர். காவல் துறையின் விசாரணை அறிக்கை, பாதுகாப்புப் பயிற்சி பெற்றதற்கான சான்று எல்லாம் வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்க முடியாது. உரிமம் ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும்.

மலையில் இருப்பவர்களுக்கு இன்னொரு தடை உண்டு. விண்ணப்பம் போடும் வரை பலருக்கும் அது தெரிவதில்லை. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972, பிரிவு 34-இன்படி, ஒரு சரணாலயத்தைச் சுற்றிப் பத்து கிலோமீட்டருக்குள் புதிய ஆயுத உரிமம் வழங்க வேண்டுமானால் தலைமை வன உயிரினக் காப்பாளரின் முன் ஒப்புதல் தேவை. தேசியப் பூங்காவுக்கும் இதே விதிதான். முதுமலை சரணாலயத்தையும் முக்கூர்த்தி தேசியப் பூங்காவையும் வரைபடத்தில் வைத்துப் பத்து கிலோமீட்டருக்கு வட்டம் போட்டுப் பாருங்கள், எத்தனை ஊர்கள் உள்ளே வருகின்றன என்று. கொடைக்கானலும் 2013 முதல் சரணாலயம். பழனி மலை வாசகர்களும் கவனிக்க வேண்டும். "குடகில் கொடவர்களுக்கு லைசென்சே வேண்டாமாமே, நமக்கு மட்டும் என்ன?" என்று சிலர் என்னிடம் சண்டைக்கே வருகிறார்கள். அது மத்திய அரசு குடகினருக்கும் அங்கே ஜம்மா என்ற பரம்பரை நில உரிமை உள்ளவர்களுக்கும் தனி அறிவிக்கையால் கொடுத்த விலக்கு. கூடலூர் எல்லையைத் தாண்டி இந்தப் பக்கம் வராது.

சரி, உரிமமும் கிடைத்துவிட்டது, துப்பாக்கியும் வீட்டில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை வைத்திருக்கும் உரிமை வேறு, ஆளைச் சுடும் உரிமை வேறு. முதலாவது ஆட்சியர் கொடுப்பது. இரண்டாவதை அவரால் கொடுக்க முடியாது. அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகளில் இருக்கிறது. 2024 ஜூலை 1-க்கு முன்பு இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 96 முதல் 106 வரை இருந்த அதே தற்காப்பு உரிமைதான். துப்பாக்கி, அரிவாள், உலக்கை எதுவானாலும் ஒரே சட்டம்.

வீடு புகுந்தவனைக் கொல்லும் அளவுக்கு அந்த உரிமை எப்போது நீளும் என்பதைப் பிரிவு 41 சொல்கிறது. கொள்ளை, சூரியன் மறைந்த பிறகும் உதிக்கும் முன்பும் நடக்கும் வீட்டை உடைத்துப் புகுதல், குடியிருக்கும் வீட்டுக்கோ பொருள் வைக்கும் கட்டிடத்துக்கோ தீ வைத்தல், தடுக்காவிட்டால் உயிர் போகும் அல்லது கொடுங்காயம் நேரும் என்று நியாயமாக அஞ்ச வைக்கும் திருட்டோ சேதம் விளைவித்தலோ அத்துமீறலோ. இவ்வளவுதான். இதில் சூரியன் என்ற சொல் நம் ஊரில் விளையாட்டான விஷயம் அல்ல. டிசம்பரில் மதியம் நான்கு மணிக்கே பனி மூடி எதிரில் நிற்பவர் முகம் தெரியாது. நமக்கு அது ராத்திரி. நீதிமன்றம் பார்ப்பது பனியை அல்ல, அன்றைய அஸ்தமன நேரத்தை. பட்டப்பகலில் கதவை உடைத்தவனைக் கொன்றுவிட்டு, இருட்டாக இருந்தது என்று சொல்லிப் பயனில்லை. அவன் கையில் என்ன இருந்தது, உங்களுக்கு என்ன ஆபத்து நேர இருந்தது என்பதைத்தான் காட்ட வேண்டியிருக்கும். அதேபோல, வீட்டு வாசலில், தேயிலைச் செடிகளுக்கு நடுவே, கேட்டுக்குப் பக்கத்தில் ஒருவன் நிற்பது வீட்டை உடைத்தல் ஆகாது. குறுக்கு வழியாக எஸ்டேட்டின் வரிசைக் குடியிருப்பான லைன் வீட்டுக்குப் போகும் தோட்டத் தொழிலாளியாக அவன் இருக்கலாம். குடித்துவிட்டு வழி தவறியவனாகவும் இருக்கலாம்.

அடையாளங்களை மாற்றி ஒரு வழக்கைச் சொல்கிறேன். கேத்திப் பள்ளத்தாக்குப் பக்கம் கேரட் போடும் விவசாயி ஒருவர். தோட்டத்து ஷெட்டில் பூட்டு உடையும் சத்தம் கேட்டு, உரிமம் உள்ள இரட்டைக் குழல் துப்பாக்கியோடு இறங்கிப் போகிறார். உள்ளே இருந்தவன் மோட்டார் பம்பைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தவன், டார்ச் வெளிச்சத்தைக் கண்டதும் பம்பைப் போட்டுவிட்டு ஓடுகிறான். இரண்டு படி மண் வரப்பைத் தாண்டி மூன்றாவதில் குதிக்கும்போது இவர் சுடுகிறார். அவன் பிழைத்துக்கொண்டான். விவசாயி மீது கொலை முயற்சி வழக்கு, பிரிவு 109.

அவர் சொன்னதில் பொய் அதிகம் இல்லை. பூட்டை உடைத்தது உண்மை, இரவு நேரம் என்பதும் உண்மை. பொருள் வைக்கும் ஷெட்டும் சட்டத்தின் பார்வையில் வீட்டை உடைத்தல் என்ற சொல்லுக்குள் வரும். ஆனால் அந்த உரிமை அத்துமீறல் தொடரும் வரைதான் உயிரோடு இருக்கும் என்கிறது பிரிவு 43. ஷெட்டை விட்டு வெளியே வந்த கணமே அது முடிந்தது. திருட்டுப் பொருளை மீட்கும் உரிமை என்று பார்த்தாலும், பம்பு கீழே விழுந்ததோடு அதுவும் முடிந்தது. "கத்தியை ஓங்கினான், அதனால் சுட்டேன்" என்று அவர் போலீஸிடம் சொல்லியிருந்தார். மருத்துவச் சான்றிதழில் ரவைகள், அதாவது தோட்டாவுக்குள் இருக்கும் சிறு குண்டுகள், அத்தனையும் முதுகிலும் கெண்டைக்காலின் பின்புறத்திலும் இருந்தன.

இப்படிப்பட்ட வழக்கில் யாரும் முதலில் பார்ப்பது சாட்சியை அல்ல, காயத்தை. 12 போர் என்ற குழல் அளவுள்ள துப்பாக்கியில் மிக அருகிலிருந்து, ஒரு மீட்டருக்குள், சுட்டால் ரவைகள் சிதறாமல் மொத்தமாகப் பாய்ந்து ஒரே பெரிய துளை போடும். சுற்றிலும் கருகல், கரி படிந்திருக்கும். தூரம் கூடக் கூட ரவைகள் விலகித் தனித்தனித் துளைகளாகப் பரவும். அந்தப் பரவலை வைத்தே, அதே துப்பாக்கியால், அதே வகைத் தோட்டாவால் சோதனையாகச் சுட்டுப் பார்த்து, எத்தனை தூரத்திலிருந்து சுடப்பட்டது என்று தடய அறிவியல் நிபுணர் சொல்லிவிடுவார். முன்னால் வந்தவனா, திரும்பிப் போனவனா என்பதை உடல் சொல்லும். என் கட்சிக்காரர் சொன்ன கத்திக்கு அந்த உடலில் இடமே இல்லை. கத்தியை அவர் சேர்க்காமல் இருந்திருந்தால் பயத்தில், இருட்டில், அவசரத்தில் சுட்டுவிட்டார் என்று நான் வாதாட ஒரு வழி இருந்திருக்கும்.

இதே சட்டம் மறுபக்கமும் பேசும். கதவை உடைத்து உள்ளே வந்தவன் அரிவாளோடு படுக்கையறை நோக்கி வருகிறான், நீங்கள் சுடுகிறீர்கள் என்றால் எந்த நீதிபதியும் உங்கள் துப்பாக்கிக்கும் அவன் அரிவாளுக்கும் தராசு பிடிக்கப் போவதில்லை. தர்ஷன் சிங் எதிர் பஞ்சாப் மாநிலம் என்ற 2010 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியிருக்கிறது: ஆபத்து வரப் போகிறது என்ற நியாயமான அச்சமே போதும், அடி விழும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. போலீஸ் உதவியை நாட நேரம் இருந்தால் தற்காப்பு உரிமை கிடையாது என்ற பிரிவு 37 கூட, ஸ்டேஷனுக்குப் பக்கத்துத் தெருவில் இருப்பவரையும் கோத்தகிரியைத் தாண்டி எஸ்டேட் சாலையின் கடைசியில் இருப்பவரையும் ஒன்றாக அளக்காது. தற்காப்பு என்பதை நிரூபிக்கும் பொறுப்பு சுட்டவருடையது என்பது உண்மைதான். ஆனால் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கத் தேவையில்லை, அப்படி நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும். எல்லை மீறியதாகத் தீர்ப்பானாலும் நல்லெண்ணத்தில் மீறியிருந்தால் அது கொலைக் குற்றம் ஆகாது, கொலையாகாத மரணம் விளைவித்தல்தான். அதற்கும் ஆண்டுக்கணக்கில் சிறை உண்டு.

அடுத்து, நம் மலைக்கே உரிய தொல்லை. இங்கே நடுராத்திரியில் சமையலறைக் கதவை உடைப்பது பெரும்பாலும் மனிதன் அல்ல. எண்ணெய் வாசனைக்குக் கரடி வருகிறது, நாயைத் தேடிச் சிறுத்தை வருகிறது, கூடலூர், பந்தலூர்ப் பக்கம் அரிசிக்கும் உப்புக்கும் யானை சுவரையே சாய்க்கிறது. திருடன் என்று நினைத்து ஜன்னல் வழியாக நிழலைச் சுட்டால் கீழே கிடப்பது கரடியாக இருக்கலாம். கரடி வன உயிரினச் சட்டத்தின் முதல் அட்டவணையில், அதாவது மிகக் கடுமையாகப் பாதுகாக்கப்படும் பட்டியலில், உள்ள விலங்கு. மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறை. தன் உயிரையோ பிறர் உயிரையோ காக்க நல்லெண்ணத்தில் கொன்றால் குற்றமல்ல என்று வன உயிரினச் சட்டத்தின் பிரிவு 11 சொல்கிறது. ஆனால் கரடி சமையலறையில் எண்ணெய் டின்னோடு இருக்கிறது, நீங்கள் தாழிட்ட படுக்கையறையில் இருக்கிறீர்கள் என்றால் காத்தது உயிரையா எண்ணெயையா என்று கேட்பார்கள். செத்த விலங்கு அரசின் சொத்து. புதைத்துவிட்டால் வழக்கு இரண்டாகும்.

துப்பாக்கியை எங்கே வைப்பது என்பதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. பாதுகாப்பாக வைப்பேன் என்று எழுதிக் கொடுத்துத்தான் உரிமமே வாங்குகிறீர்கள். பீரோவில் பூட்டி, தோட்டாவை வேறு அலமாரியில் வைத்து, சாவியை இன்னோர் இடத்தில் வைத்தால், உறைபனி இரவில் மூன்று கம்பளிக்குள்ளிருந்து எழுந்து அத்தனையும் திறப்பதற்குள் வந்தவன் வேலையை முடித்திருப்பான். தோட்டா போட்டுத் தலைமாட்டில் வைத்தால், பள்ளி விடுமுறைக்கு வரும் பேரப்பிள்ளைகளை நினைத்தாலே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. லைன் வீடுகளிலும் தகரம், பலகை வைத்துத் தடுத்த வீடுகளிலும் சுட்ட ரவை அந்தத் தடுப்போடு நின்றுவிடும் என்ற நம்பிக்கையும் வேண்டாம். தடுப்புக்கு அப்பால் இன்னொரு குடும்பம் தூங்குகிறது.

தோட்ட முதலாளிகளுக்கு ஒரு வார்த்தை. உங்கள் துப்பாக்கியை இரவில் வாட்ச்மேன் கையில் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள். உரிமம் உங்கள் பெயருக்கு. காவலாளியின் பெயரும் முறைப்படி அதில் சேர்க்கப்பட்டிருந்தால் ஒழிய, அவர் உரிமம் இல்லாமல் ஆயுதம் வைத்திருப்பவர், நீங்கள் அதைக் கொடுத்தவர். வருடத்தில் பத்து மாதம் பூட்டிக் கிடக்கும் கோடைக்கால வீட்டில் துப்பாக்கி வைத்திருப்பவர்கள், திருடனுக்கு அதைவிட விலை போகும் பொருள் அந்த வீட்டில் வேறு இல்லை என்பதை யோசிக்க வேண்டும். கிளம்பும் முன் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வணிகரிடமோ ஒப்படைத்துவிட்டுப் போகலாம். பின்பக்கக் கதவுக்கு இரும்புச் சட்டம், வெளியே அசைவைக் கண்டால் எரியும் விளக்கு, நான்கு பக்கத்து வீடுகளின் கைபேசி எண்கள்: என்னைக் கேட்டால் செலவை முதலில் இங்கே செய்யச் சொல்வேன்.

ஒருவேளை சுட்டே விட்டீர்கள் என்றால்: 112-ஐ அழையுங்கள், காயம்பட்டவனுக்கு ஆம்புலன்ஸ் கேளுங்கள். ரத்தத்தைத் துடைக்காதீர்கள், காலித் தோட்டாவை எடுக்காதீர்கள், உடைந்த தாழ்ப்பாளைச் சரி செய்யாதீர்கள். அந்தத் தாழ்ப்பாள்தான் உங்களுடைய முதல் சாட்சி. கிடப்பவன் கையில் அரிவாளைக் கொண்டுபோய் வைக்கும் யோசனையை உறவினர் யாராவது சொல்வார், கண்டிப்பாகச் சொல்வார். அவரை வெளியே அனுப்புங்கள்.

கடைசியாக, ஆயுதச் சட்டத்தில் என்னிடம் அதிகம் வரும் வழக்கு திருடனைச் சுட்டதல்ல. அப்பா இறந்து எத்தனையோ வருடம் ஆகியும் பரணில் கிடக்கும் அவருடைய துப்பாக்கி. உரிமம் காலாவதியாகியிருக்கும், ஒருவரும் கவனித்திருக்க மாட்டார்கள். பங்காளித் தகராறில் யாராவது புகார் கொடுக்கும் அன்று அது வெளியே வரும். உரிமம் இல்லாமல் வைத்திருந்ததற்கு 2019-க்குப் பிறகு இரண்டு முதல் ஐந்து ஆண்டு வரை சிறை. காலாவதியான உடனேயே தாமதமில்லாமல் ஒப்படைக்க வேண்டும் என்கிறது பிரிவு 21. வாரிசு அதைத் தன் பெயருக்கு மாற்றிக் கேட்கவும் விதிகளில் வழி இருக்கிறது. அப்பா உயிரோடு இருக்கும்போதே, அவருக்கு 70 வயது நிறைந்தாலோ துப்பாக்கியை 25 ஆண்டுகள் வைத்திருந்தாலோ, அப்போதே கேட்கலாம். பரணில் அப்படி ஒன்று இருந்தால் நீங்களாகவே பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறாதீர்கள். முதலில் வழக்கறிஞரைப் பார்த்து எழுத்து மூலம் தகவல் கொடுங்கள், பிறகு ஸ்டேஷனில் ஒப்படையுங்கள். துப்பாக்கியின் எண், குழல் வகை, தேதி, முத்திரை நான்கும் உள்ள ரசீது கைக்கு வரும் வரை அங்கிருந்து கிளம்பாதீர்கள்.