ப்ராஜெக்டைக் காசு கொடுத்து வாங்காதீர்கள்: பயோமெடிக்கல் மாணவர்களுக்கும் பெற்றோருக்கும்

ஜனவரி பிறந்துவிட்டால் கோவையிலும் ஈரோட்டிலும் ப்ராஜெக்ட் சென்டர்களில் கூட்டம் சேர்ந்துவிடும். இறுதியாண்டு பயோமெடிக்கல் மாணவர்கள் பெரும்பாலும் கேட்பது இமேஜ் ப்ராசஸிங், அதாவது மருத்துவப் படங்களைக் கணினியில் அலசுவது. ப்ரோகிராம் கோடு, ரிப்போர்ட், பிபிடி எல்லாம் சேர்த்து ஒரே விலை. நகையை அடகு வைத்து ஃபீஸ் கட்டிய குடும்பம் இதற்கும் ஒரு தொகையைப் புரட்டிக் கொடுக்கிறது. மருத்துவ ஒளியியலும் இமேஜிங்கும் சொல்லிக்கொடுக்கிறவள் என்ற முறையில் சொல்கிறேன், அந்தப் பணம் வீண். தன் கையால் ஒன்றை அளந்து பார்க்கக் கிடைத்த வாய்ப்பும் அதோடு போய்விடுகிறது.

விற்பனைக்கு வரும் ப்ராஜெக்ட்களில் ஒன்று, விழித்திரைப் படத்தில் ரத்தக்குழாய்களைப் பிரித்தெடுப்பது. அதற்கு வழக்கமாக எடுத்தாளும் டிரைவ் என்ற டேட்டாசெட் (படத் தொகுப்பு), நெதர்லாந்தில் சர்க்கரை நோயாளிகளைப் பரிசோதித்தபோது எடுத்த படங்களிலிருந்து தேர்ந்த 40 படங்கள்தான். ரிவ்யூவில் 95 சதவீதம் துல்லியம் என்று மாணவர் பெருமையாகச் சொல்வார். அந்தப் படங்களில் ரத்தக்குழாய் இருக்கும் இடமே குறைவு. குழாயே இல்லை என்று எல்லாப் புள்ளிக்கும் பதில் சொல்லும் ப்ரோகிராமுக்கும் 85 சதவீதத்துக்கு மேல் கிடைத்துவிடும். இதை அவரிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

நான் இரண்டாம் ஆண்டு மாணவர்களைப் பல்ஸ் ஆக்சிமீட்டரில் தொடங்க வைக்கிறேன். விரலில் மாட்டி ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைப் பார்க்க, கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு வாங்கிய அதே கருவி. ஜப்பானியப் பொறியாளர் தகுவோ அயோயாகி 1974இல் முன்வைத்த தத்துவம் அது. 660 நானோமீட்டர் அலைநீளத்தில் ஒரு சிவப்பு எல்இடி, 940 நானோமீட்டரில் ஓர் அகச்சிவப்பு எல்இடி, விரலுக்கு அந்தப்பக்கம் ஒளியை உணரும் போட்டோடயோடு ஒன்று. ஆக்சிஜன் ஏறிய ரத்தம் அகச்சிவப்பை அதிகம் விழுங்கும், இறங்கிய ரத்தம் சிவப்பை அதிகம் விழுங்கும். துடிப்போடு சேர்ந்து ஏறி இறங்கும் பகுதியை மட்டும் இரண்டு நிறத்திலும் ஒப்பிட்டால் கணக்கு கிடைக்கும். ஆர்டுயினோ என்ற சின்னக் கணினிப் பலகையோடு சேர்த்தாலும் பெரிய செலவு இல்லை.

செய்யும்போதுதான் தெரியும், வெளிச்சம் எவ்வளவு படுத்தும் என்று. திருப்பூர் மாணவி ஒருத்தி. அப்பாவுக்குச் சாயப்பட்டறையில் வேலை. எல்இடியை அணைத்த பிறகும் சென்சரில் ரீடிங் நிற்கவில்லை. ஜன்னல் வெயில்தான் காரணம் என்று கறுப்பு பனியன் துணியை நாலு மடிப்பாகப் போட்டு மூடினாள். குறைந்ததே தவிர நிற்கவில்லை. ஜன்னல் பக்கம் யாராவது நடந்தால் ரீடிங் ஆடியது. “துணி அட்டக் கறுப்புங்க மேடம், அப்புறம் எப்படிங்க உள்ள வெளிச்சம் வருது?” என்றாள். நான் பதில் சொல்லவில்லை. வேறு வேறு கறுப்பை வைத்துப் பாரு கண்ணு என்றேன். பட்டறையிலிருந்து துண்டுத் துணிகள் கொண்டுவந்தாள், கறுப்பு சார்ட் பேப்பர் வைத்தாள், கடைசியில் பேப்பரில் விளக்குக் கரியைப் பூசி வைத்தாள். கரியில் ரீடிங் படுத்துவிட்டது. பல சாயங்கள் கண்ணுக்குத் தெரியும் ஒளியை மட்டுமே தடுக்கும்; அகச்சிவப்பு அவற்றைக் கடந்து போய்விடும். சிலிக்கான் போட்டோடயோடுக்கு ஏறக்குறைய 1100 நானோமீட்டர் வரை தெரியும். துணி வாரியாக அவள் நோட்டில் எழுதிய அட்டவணையை நான் இன்னும் மற்ற மாணவர்களுக்குக் காட்டுகிறேன். காசு கொடுத்து வாங்கும் எந்த ரிப்போர்ட்டிலும் அப்படி ஒரு பக்கம் இருக்காது.

தன் ரீடிங்கைச் சந்தேகிக்கப் பழகியவர்தான் அடுத்த கேள்விக்குப் போவார்: வெயிலில் காடு கழனியில் உழைக்கிறவரின் கறுத்த விரலிலும் இந்தக் கருவி சரியாகக் காட்டுமா? அமெரிக்காவில் 2020இல் வெளியான ஆய்வு ஒன்றில், ஆக்ஸிமீட்டர் நன்றாகவே காட்டியும் ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்திருந்த நிலை, வெள்ளையரைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகமாக இருந்தது. நம் ஊர் மாணவர்கள் எடுத்துச் செய்ய வேண்டிய வேலை இதில் நிறைய இருக்கிறது.

ஆனால் அதற்காக ஆஸ்பத்திரி வார்டுக்குப் போய் நோயாளி விரலில் சொந்தக் கருவியை மாட்டக்கூடாது. மாணவர் ப்ராஜெக்டாக இருந்தாலும், மனிதர்களிடம் அளவெடுக்கும் முன் நிறுவனத்தின் அறநெறிக் குழு அனுமதியும் அவர்களுடைய எழுத்துபூர்வ ஒப்புதலும் வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தின் (ஐசிஎம்ஆர்) 2017ஆம் ஆண்டு வழிகாட்டுதல்களை வழிகாட்டி ஆசிரியரோடு உட்கார்ந்து படியுங்கள். அதுவரை ஜெலட்டினில் பாலும் இந்தியன் இங்க்கும் கலந்து செய்யும் போலித் தசை போதும். பாலின் கொழுப்பு ஒளியைச் சிதறடிக்கும், இங்க் விழுங்கும்.

லேசர் விஷயத்தில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. ஆன்லைனில் வாங்கும் மலிவான பச்சை லேசர் பேனாக்களில் சிலவற்றில் 808, 1064 நானோமீட்டர் அகச்சிவப்பும் சேர்ந்தே கசியும். கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கு இமை தானாக மூடாது. வலியே தெரியாமல் விழித்திரை வெந்துவிடும். லேசர் மேசைக்கு வரும்போது ஒளியைத் திருப்பியடிக்கும் மோதிரம், வளையல், வாட்ச் எல்லாம் பைக்குள் போக வேண்டும். அந்த அலைநீளத்துக்கான கண்ணாடி இல்லையென்றால் அன்றைக்கு வேலை இல்லை.

மூன்றாம் ஆண்டு வரும்போது வெளியே போகலாம். நாட்டின் மூன்று அறிவியல் அகாடமிகளும் சேர்ந்து கோடையில் இரண்டு மாத ஆய்வு உதவித்தொகை தருகின்றன; ஐஐடி மெட்ராஸிலும் கோடைக்கால ஃபெல்லோஷிப் உண்டு. தமிழ்நாடு அறிவியல் தொழில்நுட்ப மாநில மன்றம் மாணவர் ப்ராஜெக்ட்களுக்கு நிதி உதவி செய்கிறது. அறிவிப்புகளை அவரவர் இணையதளத்தில் முன்கூட்டியே பார்த்து வையுங்கள். அகாடமி திட்டத்துக்கு ஆசிரியரின் பரிந்துரைக் கடிதம் வேண்டும். மார்க் லிஸ்ட்டை மட்டும் பார்த்து அதில் எனக்கு நாலு வரிகூட வராது. கடிதம் கேட்டு வரும்போது நோட்டைக் கொண்டு வாருங்கள், தப்பாக வந்த ரீடிங்கோடு சேர்த்து.