ஓஎன்தன்: ஆட்டத்துக்கு முதுகு காட்டி நிற்கும் அணி

ஜப்பானியப் பல்கலைக்கழகப் பேஸ்பால் போட்டிகளில் மாணவர் இருக்கைகளின் முன்வரிசையைப் பார்த்தால், கழுத்தை ஒட்டிய காலர் வைத்த கறுப்புச் சீருடையும் வெள்ளைக் கையுறையும் அணிந்த சிலர் மேடைகளில் நிற்பார்கள். பக்கத்தில் பெருமுரசு. பின்னால் பித்தளை இசைக்குழு. எல்லாருக்கும் மேலே ஒரு பெரிய கொடி. இந்த மாணவர் அமைப்பின் பெயர் ஓஎன்தன். 'சியர் லீடர்கள்' என்று தமிழில் எழுதினால் ஐபிஎல் பார்த்துப் பழகிய வாசகருக்கு வேறொரு காட்சிதான் மனதில் வரும். சொல்லைப் பிரித்துப் பார்த்தால் வேறுபாடு விளங்கும்.

முதலில் ஒலிப்பு. தொடக்கத்தில் வரும் ஓ நெடில். முடிவில் வரும் 'தன்' குறில். 'என் தந்தை' என்பதில் வரும் தகரம் போல மென்மையாக ஒலிக்க வேண்டும். ரோமன் எழுத்தைப் பார்த்து 'ஓவென்டான்' என்று எழுதுவது பிழை. ஜப்பானிய மொழியில் அந்த இடத்தில் டகரம் கிடையாது.

சொல்லில் மூன்று எழுத்துகள் உள்ளன. 'ஓ' என்றால் அழைப்புக்கு மறுமொழி தருதல். 'என்' என்றால் கைகொடுத்தல், துணைக்கு வருதல். 'தன்' என்றால் திரள், குழு. சீனத்திலிருந்து வந்த 'ஓஎன்' என்ற கூட்டுச்சொல்லுக்கு முதற்பொருள் போர்க்களத்தில் உதவிக்கு வந்து சேரும் படை. அந்தப் பொருள் இன்றும் சாகவில்லை. ஜப்பானியக் காவலர் ஒருவர் கூடுதல் ஆட்களை அனுப்பச் சொல்லும்போது 'ஓஎன்' என்றுதான் கேட்பார். கடையில் ஆள் பற்றாத நாளில் இன்னொரு கிளையிலிருந்து வந்து கைகொடுப்பவரும் 'ஓஎன்' செய்ய வந்தவர்தான். ஆகவே இந்தச் சொல்லின் வேர் கூச்சலிலோ கொண்டாட்டத்திலோ இல்லை, துணைக்கு வருவதில் இருக்கிறது. விளையாட்டுத் திடலுக்கு வந்தபின்தான் அந்தத் துணை குரலாகவும் கைதட்டலாகவும் உருமாறியது.

இன்னொரு நுட்பமும் உண்டு. வீரர்களுக்குத் துணைநிற்பது மாணவர் கூட்டம் முழுவதும் செய்ய வேண்டிய வேலை. ஓஎன்தன் அந்தக் கூட்டத்தை நடத்துகிறது. அதனால்தான் அதன் தலைவர்கள் ஆட்டத்துக்கு முதுகைக் காட்டி, கூட்டத்தைப் பார்த்து நிற்கிறார்கள். பந்து எங்கே போனது என்பதையே கூட்டத்தின் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். கெய்யோ பல்கலைக்கழகம் தன் அமைப்புக்கு 'ஓஎன் ஷிதோபு' என்று பெயர் வைத்திருக்கிறது: 'ஓஎன்' செய்ய வழிகாட்டும் துறை. மற்றவற்றின் பெயர்களை விட இது வேலையைச் சரியாகச் சொல்கிறது என்பது எங்கள் கருத்து.

இதன் வரலாறு வசேதா, கெய்யோ என்ற இரண்டு தோக்கியோப் பல்கலைக்கழகங்களின் போட்டியோடு பின்னியது. அவை முதன்முதலில் பேஸ்பாலில் மோதியது 1903 நவம்பர் 21. அக்காலக் கூட்டத்துக்கு ஒழுங்கான ஆதரவு முறை எதுவும் இல்லை. 'யாஜி' எனப்பட்ட கிண்டல் கூச்சல்தான் உண்டு. 1905-இல் வசேதா அணி அமெரிக்க மேற்குக் கரைக்குச் சென்று 26 ஆட்டங்கள் ஆடி 7 வென்று 19 தோற்றது. தோல்விகளோடு கற்றுக்கொண்டு வந்தவையும் பல. அவற்றில் ஒன்று, அங்கே கல்லூரி மாணவர்கள் முக்கோணக் கொடிகளை அசைத்து ஒரே குரலில் கல்லூரிப் பெயரை முழங்கும் வழக்கம். அந்த ஆண்டு இலையுதிர் காலத்திலேயே வசேதா மாணவர்கள் அதைக் கையாண்டார்கள். கூட்டத்தை நடத்திய யோஷியோகா நோபுதாகாவுக்கு 'யாஜித் தளபதி' என்ற பட்டப்பெயரே நிலைத்தது.

'ஃபுரே, ஃபுரே' என்ற முழக்கம் ஆங்கில 'ஹுர்ரே'யிலிருந்து வந்தது. 'ஏரு' என்பது கூவுதலைக் குறிக்கும் ஆங்கில 'யெல்'. இன்று ஜப்பானியர்கள் நோயாளிக்கோ தேர்வெழுதும் பிள்ளைக்கோ 'ஏரு அனுப்புகிறோம்' என்று சொல்லும் அளவுக்கு அது வீட்டுச்சொல்லாகிவிட்டது.

முழங்கக் கற்றவர்களுக்கு நிறுத்தக் கற்க நாளாயிற்று. 1906-இல் முதல் ஆட்டத்தில் வென்ற கெய்யோ மாணவர்கள் வசேதா நிறுவனர் ஓகுமாவின் வீட்டு வாசலில் வெற்றி முழக்கமிட்டார்கள். அடுத்த ஆட்டத்தில் வென்ற வசேதா மாணவர்கள் கெய்யோ நிறுவனர் ஃபுகுசாவாவின் வீட்டு வாசலில் அதையே செய்தார்கள். மூன்றாம் ஆட்டம் நடந்தால் கைகலப்பு வரும் என்று அஞ்சி நிறுத்திவிட்டார்கள். இரு பல்கலைக்கழகங்களும் மீண்டும் மோத 19 ஆண்டுகள் ஆயின. 1925-இல் ஆறு பல்கலைக்கழக லீக் உருவாகி ஆட்டம் திரும்பியபோது, கூட்டத்தைக் கட்டுக்குள் வைக்கப் பொறுப்பான ஓர் அமைப்பு வேண்டும் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. கூட்டத்தைத் தூண்டுவது எப்படி என்பதை விட அதைக் கட்டுவது எப்படி என்ற கேள்விதான் ஓஎன்தனை நிலைநிறுத்தியது.

கட்டு எப்போதும் தாங்கியதில்லை. 1933 அக்டோபர் 22 ஆட்டத்தில் வசேதா பக்கத்துக் கூட்டம் பழங்களை வீச, கெய்யோவின் மூன்றாம் பேஸ் வீரர் மிசுஹாரா ஷிகேரு ஓர் ஆப்பிளை எடுத்துத் திருப்பி எறிந்தார். கெய்யோ வென்றதும் வசேதா கூட்டம் திடலில் இறங்கியது. அதன்பின் வசேதா முதல் பேஸ் பக்கம், கெய்யோ மூன்றாம் பேஸ் பக்கம் என்று இருக்கைகளை நிரந்தரமாகப் பிரித்தார்கள். இன்றும் மெய்ஜி ஜிங்கு மைதானத்தில் அந்த ஏற்பாடு மாறவில்லை. இத்தனை பகைக்கு நடுவே, 1931-இல் வசேதாவின் ஆதரவுப் பாடலுக்கு இசையமைத்த கோசேகி யூஜிதான் பிற்பாடு கெய்யோவுக்கும் ஒரு பாடல் அமைத்துக் கொடுத்தார்.

இப்போது வேலை நடக்கும் விதம். ஓர் ஓஎன்தனில் வழக்கமாக மூன்று பிரிவுகள் உண்டு: கை அசைவால் கூட்டத்தை நடத்தும் தலைவர் பிரிவு, இசைக்குழு, சியர் லீடர்கள். சியர் லீடர்கள் இதற்குள் ஒரு பிரிவு மட்டுமே என்பதைக் கவனிக்கவும். முழு அமைப்பையும் அந்தப் பெயரால் அழைப்பது ஒரு கையை உடல் என்பது போல.

தாளங்களில் எல்லாரும் அறிந்தது மூன்று-மூன்று-ஏழு. மூன்று தட்டு, ஓர் இடைவெளி. மூன்று தட்டு, ஓர் இடைவெளி. ஏழு தட்டு, ஓர் இடைவெளி. இடைவெளிகளையும் சேர்த்தால் நான்கு, நான்கு, எட்டு என்று பதினாறு எண்ணிக்கை. கெடுவது எப்போதும் இடைவெளியில்தான். புதியவர்கள் அதை விழுங்கிவிட்டு அடுத்த தட்டுக்குப் பாய்வார்கள், ஏழு தட்டுக்கு வரும்போது கூட்டம் இரண்டாகப் பிரிந்திருக்கும். இடைவெளியில் தலைவரின் கை அசையாமல் விறைப்பாக நிற்பது அதைத் தடுக்கத்தான். கை நின்றால் கூட்டமும் நிற்கும்.

கையைப் பார்க்க வேண்டியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். முரசிலிருந்து 100 மீட்டர் தள்ளி உட்கார்ந்திருப்பவருக்கு அடி 0.3 நொடி தாமதமாகக் கேட்கும். நிமிடத்துக்கு 120 தட்டு என்ற வேகத்தில் இரண்டு தட்டுகளுக்கு இடையே உள்ளதே 0.5 நொடி. முரசைக் கேட்டுத் தட்டினால் பாதித் தட்டுக்கு மேல் பிந்திவிடும், அவர் கைதட்டல் திரும்பி முன்வரிசைக்கு வரும்போது இன்னும் பிந்தும். அதனால்தான் தலைவர்கள் ஒரே இடத்தில் கூடாமல் இருக்கைகளின் நெடுகிலும் பரவி நிற்கிறார்கள். கறுப்புத் துணியின்மேல் வெள்ளைக் கையுறை போடுவதும் இதனால்தான், தொலைவிலிருந்து கண்ணில் படுவது அது ஒன்றே. அலங்காரம் என்று நினைக்கும் பலவற்றுக்கு இங்கே இப்படி ஒரு பயன் இருக்கிறது.

தன் அணி பேட் பிடிக்கும்போது மட்டுமே முழு முழக்கம். எதிரணி பேட் பிடிக்கும்போது களம் அவர்களுடைய கூட்டத்துக்கு உரியது. ஏழாம் இன்னிங்ஸில் பல்கலைக்கழகப் பாடல். ஆட்டத்தை ஒட்டி இரு தரப்பும் 'ஏரு' பரிமாறிக்கொள்வார்கள்: முதலில் தன் பல்கலைக்கழகத்தின் பெயரை அசை அசையாக முழங்கி, பிறகு எதிரணியின் பெயரையும் அதே வலுவோடு முழங்க வேண்டும். எதிரணிக்குக் குரல் தாழ்ந்தால் அது இழுக்கு. கொடிக்கும் தனிச் சட்டம் உண்டு. இடுப்புப் பட்டையில் உள்ள தோல் கிண்ணத்தில் கம்பின் அடியை ஊன்றி ஒருவரே ஏந்துவார். எந்த நிலையிலும் துணி தரையைத் தொடக்கூடாது. காற்று வலுத்தால் கொடி பாய்மரமாகி ஆளையே இழுக்கும், மழையில் துணி நனைந்து பாரம் ஏறும். கையை விட இடுப்பும் தொடையும்தான் அங்கே தாங்குகின்றன, கொடி ஏந்துபவரின் பயிற்சியும் அங்கிருந்தே தொடங்குகிறது.

சீருடையின் பெயர் 'கக்குரன்'. 'கக்கு' என்றால் கல்வி. 'ரன்' என்பது ஹாலந்தைக் குறித்து, பிறகு மேலைநாட்டு உடை எதற்கும் ஆகிவந்த பழைய வழக்குச் சொல். 1886-இல் தோக்கியோவில் இருந்த இம்பீரியல் பல்கலைக்கழகம் இவ்வகை உடையை ஏற்றது. அது கிழிந்து நைந்து போனாலும் பெருமையாக அணியும் போக்குக்கு 'பன்கரா' என்று பெயர். உயரக் காலர் வைத்த நாகரிகக்காரரை 'ஹைகரா' என்று அழைத்ததற்கு எதிர்வினையாக, காட்டுத்தனம் என்ற பொருளுள்ள 'பன்' சேர்த்து உண்டாக்கிய சொல் அது. கிழிந்த தொப்பி, மரக்கட்டைச் செருப்பு, வெட்டாத தலைமுடி. சப்போரோவின் ஓதோரி பூங்காவில் ஹொக்கைதோ பல்கலைக்கழகமும் ஒதாரு வணிகப் பல்கலைக்கழகமும் போட்டிக்கு முன் எதிரெதிரே நின்று ஒருவரையொருவர் உரக்கத் தூற்றும் சடங்கில் அந்த மரபைக் காணலாம். மொரியோகா முதலாம் உயர்நிலைப் பள்ளியில் கந்தல் உடையோடு நிற்கும் ஓஎன்தனும் அதற்குப் பெயர் பெற்றது.

ஓஎன்தனின் பெயர் கெட்டது இங்கிருந்துதான். மூத்தவர் சொல்லுக்கு 'ஒஸ்' என்ற ஒற்றைச் சொல் தவிர வேறு மறுமொழி கூடாது, நான்காம் ஆண்டு மாணவர் கடவுள், முதலாண்டு மாணவர் அடிமை என்ற வழக்கம் பல அமைப்புகளில் வேரூன்றியது. கூட்டத்தைக் கட்டப் பிறந்த ஒழுங்கு உள்ளே திரும்பி இளையவர்களை நசுக்கத் தொடங்கியது. 1960-களின் மாணவர் போராட்ட காலத்தில் ஓஎன்தன் என்றாலே முரட்டு வலதுசாரிக் கும்பல் என்ற எண்ணம் பலரிடம் படிந்தது. அடியும் அவமானமும் 'பயிற்சி' என்ற பெயரில் நடந்த இடங்கள் இருந்தன. 2000-களின் இறுதியில்கூட ஒரு தோக்கியோப் பல்கலைக்கழகம் இத்தகைய கொடுமை வெளியானபின் தன் தலைவர் பிரிவைக் கலைத்தது. இதை மரபின் சிறு கறை என்று ஒதுக்க முடியாது. துணைக்கு வருவது என்று பொருள்படும் பெயரைச் சூடிய அமைப்பு தன் இளையவருக்கே துணை நிற்காமல் போனது பெருங்குற்றம்.

ஆள் குறைந்தது இதற்குக் கிடைத்த விலை. பல பல்கலைக்கழகங்களில் தலைவர் பிரிவு ஓரிருவராகச் சுருங்கியது, சில இடங்களில் ஒருவரும் இல்லை. இசைக்குழுவும் சியர் லீடர்களும்தான் அமைப்பைத் தாங்கினார்கள். ஆண்கள் மட்டுமே நின்ற தலைவர் மேடைக்குக் கக்குரன் அணிந்த பெண்கள் வந்தார்கள், அண்மை ஆண்டுகளில் சில பல்கலைக்கழகங்களில் முழு அமைப்பின் தலைமைக்கே பெண்கள் உயர்ந்திருக்கிறார்கள். பெருந்தொற்றுக் காலத்தில் குரல் எழுப்பத் தடை வந்தபோது, 2020 இலையுதிர் காலத்தில் ஜிங்குவில் ஓஎன்தன்கள் வெளித்திடல் இருக்கைகளுக்கு ஒதுங்கி, கூட்டத்திலிருந்து விலகி நின்று ஆதரித்தன. நடத்தக் கூட்டம் இல்லாதபோது அமைப்பின் வேலை என்ன என்ற கேள்வி அப்போதுதான் அவர்களுக்கு நேராக எழுந்தது.

தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். 'உற்சாகக் குழு' மேலோட்டமானது, உழைப்பும் ஒழுங்கும் அதில் தெரியவில்லை. 'ஊக்குவிப்பு அணி' என்பதில் மேலிருப்பவர் கீழிருப்பவரைத் தட்டிக்கொடுக்கும் தொனி உள்ளது. 'ஆதரவுக் குழு' பொருளுக்கு நெருக்கம், ஆனால் நம் செய்தித்தாள்களில் 'ஆதரவாளர்கள்' என்றால் கட்சிக்காரர்கள் என்றாகிவிட்டது. 'ஆர்ப்பு' போர்முழக்கத்தைக் குறிக்கும் அழகான பழஞ்சொல். ஆனால் அதோடு 'அணி' சேர்ந்து புணர்ந்தால் 'அர்ப்பணி' போல் காதில் விழும், துணை என்ற வேரும் அதில் இல்லை.

நாங்கள் பரிந்துரைப்பது 'உறுதுணை அணி'. 'உறுதுணையாக நின்றார்' என்று நாம் நாள்தோறும் சொல்வதால் விளக்கம் தேவைப்படாது. நெருக்கடியில் வந்து சேரும் உதவி, அசையாமல் நிற்றல் இரண்டும் அதில் உள்ளன. குரல் என்ற பொருள் அதில் இல்லை என்பது உண்மை. ஜப்பானியச் சொல்லிலும் அது இல்லையே. தலைவர் பிரிவினரை 'முழக்கத் தலைவர்கள்' என்றும், 'ஏரு' பரிமாற்றத்தை 'முழக்கப் பரிமாற்றம்' என்றும், மூன்று-மூன்று-ஏழை அப்படியே எண்ணாலும் எழுதலாம். கக்குரன், பன்கரா போன்றவற்றை மொழிபெயர்க்காமல் ஒலிபெயர்த்து, முதல்முறை வரும்போது ஒரு வரி விளக்கம் தருவது போதும்.

கட்டுரையில் முதல் இடத்தில் 'ஓஎன்தன் எனும் உறுதுணை அணி' என்று எழுதிவிட்டுப் பிறகு 'உறுதுணை அணி' என்றே தொடரலாம். பள்ளி விளையாட்டு விழாவில் சிவப்பு, வெள்ளைத் தரப்புகளுக்காகப் பிள்ளைகள் அமைக்கும் குழுக்களுக்கும் இதே சொல் பொருந்தும், ஜப்பானியத்திலும் அவற்றுக்குப் பெயர் ஓஎன்தன்தான். தொழில்முறை பேஸ்பால் அணிகளுக்காக ரசிகர்கள் தாமே நடத்தும் குழுக்களையும் ஜப்பானியர் அதே பெயரால் அழைக்கிறார்கள். தமிழில் அவற்றை 'ரசிகர் உறுதுணை அணி' என்று பிரித்து எழுதினால் மாணவர் அமைப்போடு குழம்பாது.