உவர்மை: சாலினிட்டிக்குத் தமிழில் ஒரு சொல்

நீரிலோ மண்ணிலோ உள்ள உப்புகளின் அளவைக் குறிக்கும் சாலினிட்டியை (salinity) தமிழில் எப்படி எழுதுவது? செய்தித்தாள்கள் உப்புத்தன்மை என்கின்றன. பள்ளிப் புவியியல் பாடம் உவர்ப்பியம் என்கிறது. மண் பரிசோதனை செய்யும் வேளாண் துறையினர் உவர்த்தன்மை என்கிறார்கள். நான் உவர்மை என்று எழுதுகிறேன். இந்தத் தேர்வுக்குக் காரணம் திருவொற்றியூர்க் கடலில் முகந்த ஒரு லிட்டர் தண்ணீர்.

சித்திரை வெயிலில் முகந்து வந்த அந்த நீரை நான்காக மடித்த வேட்டித் துணியில் வடிகட்டி அடுப்பில் ஏற்றினேன். பாதிக்கு மேல் சுண்டியதும் எவர்சில்வர் பாத்திரத்தின் உட்புறத்தில் மாவு பூசியதுபோல ஒரு படலம் ஒட்டியது. சுரண்டி நாக்கில் வைத்தால் கரிப்பே இல்லை. அது சுண்ணாம்பும் ஜிப்சமும். தண்ணீர் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காக வற்றிய பிறகுதான் நமக்குத் தெரிந்த உப்பு படிகம் கட்டத் தொடங்கியது. கடைசியில் கிடைத்தது ஒரு கைப்பிடி, 35 கிராமை ஒட்டிய எடை. மறுநாள் காலையில் பார்த்தால் தட்டில் அது ஈரம் கசிந்து கிடந்தது. கசிந்த நீரை விரல் நுனியில் தொட்டு வைத்தேன், கசந்தது. காற்றின் ஈரத்தை உறிஞ்சி அப்படிக் கசிவது மெக்னீசியம் குளோரைடு.

சமையலறையில் உப்பு என்றால் சோடியம் குளோரைடு ஒன்றுதான். கடலில் கரைந்திருப்பது அது மட்டும் அன்று. கடலுப்பின் எடையில் குளோரைடு ஏறக்குறைய 55 சதவீதம், சோடியம் 31 சதவீதம், சல்பேட் 8 சதவீதம், மெக்னீசியம் 4 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. கால்சியமும் பொட்டாசியமும் ஒவ்வொன்றும் ஒரு சதவீதத்தை ஒட்டி. இவை அனைத்தும் சேர்ந்து ஒரு கிலோ கடல்நீரில் எத்தனை கிராம் என்பதே சாலினிட்டி. உலகக் கடல்களின் சராசரி 35. உப்புத்தன்மை என்று எழுதும்போது வாசகர் நினைவுக்கு வருவது உப்பு ஜாடிதான். அதனால்தான் அந்தச் சொல் எனக்குப் போதவில்லை.

சாலினிட்டிக்கு மூலம் லத்தீனில் உப்பைக் குறிக்கும் சால். தமிழில் உவர் என்ற அடி இதைவிட விரிந்தது. உவரி என்றால் கடல். திருநெல்வேலிக் கடற்கரையில் அந்தப் பெயரிலேயே ஓர் ஊர் இருக்கிறது. துணி வெளுக்கப் பயன்பட்டது உவர்மண். உப்பு பூத்த நிலத்தை உவர்நிலம் என்றும், சோடியம் மிகுந்து இறுகிப்போன நிலத்தைக் களர்நிலம் என்றும் உழவர்கள் பிரித்தே சொல்கிறார்கள். இத்தனை நுட்பம் கைவசம் இருக்கும்போது புதிதாக அடி தேட வேண்டியதில்லை.

விகுதியில்தான் எனக்குக் கருத்து வேறுபாடு. உவர்ப்பு அறுசுவையில் ஒன்று, நாவுக்குரியது. உவர்ப்பியத்தில் வரும் இயம் என்ற ஒலி மார்க்சியம், பெண்ணியம் போன்ற கொள்கைப் பெயர்களை நினைவூட்டுகிறது. வெண்மை, வன்மை போல உவர்மை என்றால் பண்பும் அளவும் ஒருங்கே அமைகின்றன. உவர்மைமானி என்று கருவிக்கும் பெயர் வைக்கலாம்.

அளவைப் பற்றிய ஒரு வியப்பையும் சொல்லியாக வேண்டும். கடலுக்குக் கடல் உவர்மை ஏறி இறங்கினாலும், உப்புகள் தமக்குள் கொண்ட விகிதம் அநேகமாக மாறுவதில்லை. சேலஞ்சர் என்ற பிரிட்டிஷ் ஆய்வுக் கப்பல் 1872 முதல் 1876 வரை உலகைச் சுற்றித் திரட்டிய நீரில் 77 மாதிரிகளைப் பகுத்து, 1884இல் வேதியியலர் டிட்மார் இதை உறுதிப்படுத்தினார். கடல் முழுவதும் கலந்து முடிய ஆயிரம் ஆண்டுகள் அளவில் போதும். சோடியமும் குளோரைடும் கடலில் தங்குவதோ பல கோடி ஆண்டுகள். அதனால் எங்கும் ஒரே விகிதத்தில் கலந்துவிடுகின்றன.

ஆறு கொண்டுவரும் கரைபொருள்களில் பொதுவாக முன்னிற்பது கால்சியமும் பைகார்பனேட்டும். கடலுப்பிலோ அவை குறைவு. அவை எங்கே போகின்றன? எண்ணூர்க் கழிமுகத்தில் காலில் குத்தும் மட்டி ஓட்டைக் கையில் எடுங்கள். கால்சியம் அங்கே இருக்கிறது. மட்டி, ஆளி, பவளம், கண்ணுக்குத் தெரியாத மிதவையுயிர்கள் எல்லாம் அதை ஓடாகவும் கூடாகவும் கட்டிக்கொள்கின்றன. சோடியத்தை அப்படி எடுத்துக்கொள்ள ஆளில்லை. அது நீரிலேயே தேங்கிவிட்டது. வீட்டில் என் பாத்திரத்தில் ஒட்டிய வெள்ளைப் படலத்தில் இருந்த சுண்ணாம்பும் இந்த ஓடும் பெரும்பாலும் ஒரே பொருள், கால்சியம் கார்பனேட்.

வடசென்னைக்கு உவர்மை அன்றாடக் கவலை. நிலத்தடி நீரை அளவுக்கு மீறி இறைத்ததால் மீஞ்சூர்ப் பக்கம் கடல்நீர் உள்ளே ஏறியது. போர் தண்ணீரை வாயில் ஊற்றிப் பார்த்து ‘உப்புக் கரிக்கிறது’ என்று துப்புகிற வீடுகள் இங்கே நிறைய. தண்ணீர் சுத்திகரிப்புக் கருவி பொருத்த வருபவர் காட்டும் டிடிஎஸ் எண்ணும் கரைந்த பொருளின் அளவுதான். குடிநீருக்கு இந்தியத் தரத்தின் ஏற்கத்தக்க வரம்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம். கடல்நீரில் ஏறக்குறைய 35,000. அந்த வித்தியாசத்தைச் சவ்வின் வழியே அழுத்தித் தள்ளிக் கடக்கத்தான் காட்டுப்பள்ளியில் 2010 முதல் ஆலை ஓடுகிறது. நாளுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் அதன் திறன்.

எண்ணூர் முகத்துவாரத்தில் உவர்மை ஆண்டு முழுதும் ஒரே அளவில் நிற்பதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் கொசஸ்தலை ஆறு பெருகினால் அது சரசரவென்று இறங்கும். கோடையில் மீண்டும் ஏறும்.