பொடிக்கக் கூடாத மாத்திரையும் அதற்குள் இருக்கும் வலையும்

மருந்தின் பெயருக்குப் பின்னால் எஸ்ஆர், எக்ஸ்ஆர், இஆர் என்ற எழுத்துகள் இருந்தால், பல மணி நேரத்துக்குச் சிறிது சிறிதாக மருந்தை விடும்படி செய்த மாத்திரை அது. விழுங்கச் சிரமம் என்று அதைப் பொடித்துக் கொடுப்பவர்கள் நிறைய. அப்படிச் செய்யவே கூடாது என்று மாத்திரை தயாரிக்கும் நாங்கள் சொல்வதற்குக் காரணம், மாத்திரையை வடிவமைக்கும் விதத்திலேயே இருக்கிறது.

இவற்றில் பல மாத்திரைகளில் மருந்தைத் தாமதப்படுத்துவது மேலுறை அல்ல. மருந்துத் தூளோடு, நீண்ட சங்கிலி மூலக்கூறுகளாலான பாலிமர் ஒன்றின் தூளை, செல்லுலோஸிலிருந்து செய்யும் ஹெச்பிஎம்சி போன்றதை, கலந்து அழுத்துகிறோம், அவ்வளவுதான். பாலிமர் துகள்கள் ஒன்றையொன்று தொட்டு, மாத்திரை முழுக்க அறுபடாத வலையாக நின்றால், ஈரம் பட்டதும் ஊறிக் கூழாகிச் சுற்றிக்கொள்ளும். மருந்து அந்தக் கூழ் வழியாக மெல்லக் கசிந்துதான் வெளியே வர முடியும். துகள்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடந்தால் கூழில் ஓட்டை விழும். தண்ணீர் உள்ளே புகுந்து மாத்திரை சீக்கிரமே கலைந்துவிடும்.

சிதறிய துகள்கள் எந்த அளவில் வலையாகின்றன? பெர்கோலேஷன் கோட்பாடு இதைத்தான் கணக்கிடுகிறது. பிராட்பென்ட், ஹாமர்ஸ்லி என்ற இரு ஆய்வாளர்கள் 1957இல் கணிதமாக எழுதியதை, 1980களில் சுவிட்சர்லாந்தின் பாசெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹான்ஸ் லோய்ன்பெர்கர் மாத்திரைகளுக்குக் கொண்டுவந்தார். பாலிமரைக் கூட்டக் கூட தாமதமும் சீராகக் கூடும் என்று நினைத்தால் தவறு. ஓர் எல்லையைத் தாண்டும் இடத்தில் மாத்திரையின் குணமே சட்டென்று மாறிவிடுகிறது. ஒரே அளவுக் கனசதுரப் பெட்டிகளை அடுக்கி, அவற்றில் சிலவற்றை மனம்போனபடி நிரப்பும் எளிய கணித மாதிரியில் அந்த எல்லை கன அளவில் சுமார் 31 சதவீதம். நிஜத் தூளில் அது நகரும். பாலிமர் துகள் மருந்துத் துகளைவிட நுண்ணியதாக இருந்தால் குறைந்த அளவிலேயே வலை பின்னிவிடும். பருமனாக இருந்தால் அதிகம் வேண்டும். எடையை மட்டும் பார்த்தால் போதாது, அடர்த்தியையும் கணக்கில் எடுத்துக் கன அளவைப் பார்க்க வேண்டும்.

என் கருத்தில், எல்லைக்குப் பக்கத்திலேயே கலவையை நிறுத்துவதுதான் இந்த வேலையில் பெரிய ஆபத்து. சோதனைக்கூடத்தில் அழகாக நடந்துகொள்ளும். அடுத்து தயாரிக்கும் தொகுதியில் துகள் அளவு கொஞ்சம் மாறினால் போதும், மருந்து விடும் வேகம் எங்கோ போய்விடும். அதனால் எல்லையை முதலில் கண்டுபிடித்து, அதைத் தாண்டிப் போதுமான தூரத்தில் நிற்க வேண்டும். சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின் எக்ஸ்ஆர் மாத்திரை ஏன் இவ்வளவு பெரிதாக இருக்கிறது என்று கேட்பார்கள். மருந்தே 500 மில்லிகிராம்; அதற்கு ஈடாகப் பாலிமரும் வேண்டுமே!

எத்தில் செல்லுலோஸ் போன்ற, தண்ணீரில் கரையாத பாலிமரில் இன்னொரு சிக்கல். அங்கே மருந்துத் துகள்களும் தங்களுக்குள் தொடர்ந்து நிற்க வேண்டும். அவை கரையக் கரைய உண்டாகும் துளைகள்தான் மருந்து வெளியே வர வழி. மருந்து மிகக் குறைவாக இருந்தால் ஒரு பகுதி உள்ளேயே சிறைப்பட்டுவிடும். கரையாத சில மாத்திரைகளின் வெற்றுக்கூடு மலத்தில் வருவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பெரும்பாலும் மருந்து இறங்கியபின் எஞ்சிய வலைதான் அது.

சரி, பொடித்தால் என்ன ஆகும்? வலை அறுந்துபோகும். நாள் முழுவதற்குமான மருந்து கொஞ்ச நேரத்தில் ரத்தத்தில் ஏறிவிடும். ரத்த அழுத்த மருந்திலும் மார்ஃபின் போன்ற ஓபியாய்டு வலி மருந்திலும் இது உயிருக்கே ஆபத்தாகலாம். மெல்லுவதும் அப்படித்தான். பாதியாக உடைப்பது, அந்த மாத்திரைக்கு அனுமதி உண்டு என்று மருந்துடன் வரும் குறிப்புத்தாளில் எழுதியிருந்தால் மட்டுமே. விழுங்க முடியாதவருக்குத் திரவ வடிவமோ வேறு மருந்தோ உண்டா என்று மருத்துவரிடமோ மருந்தாளுநரிடமோ கேளுங்கள்.