சீராகத் துடிக்கும் இதயம் ஏன் கவலை தருகிறது?

ஒரு கிலோகூட எட்டாத குறைமாதக் குழந்தை இன்குபேட்டருக்குள் தூங்குகிறது. மார்பில் ஈ.சி.ஜி. ஒட்டுகள், பாதத்தில் சிவப்பு வெளிச்சம் கசியும் ஆக்சிஜன் சென்சார். மானிட்டரில் இதயத் துடிப்பு 152. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் 151. சரி, நன்றாகத்தான் இருக்கிறது என்று தோன்றும். ஆனால் அந்த எண் வெறும் சராசரி. குழந்தைக்கு ஆபத்து வருகிறது என்ற செய்தி அதற்கு அடியில் இருக்கலாம்.

இத்தனை சிறிய குழந்தைகளுக்குப் பெரிய பயம் செப்சிஸ், அதாவது இரத்தத்தில் கிருமி பரவுவது. பல சமயம் காய்ச்சல்கூட வராது. குழந்தை துவண்டு கிடக்கிறது, பால் செரிக்கவில்லை என்று நர்ஸ் கவனிக்கும்போது நிலைமை முற்றியிருக்கும். இரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் பிளட் கல்ச்சர் சோதனையின் முடிவு வர ஒன்றிரண்டு நாள் ஆகும். சந்தேகம் வரும்போதெல்லாம் ஊசி குத்தி இரத்தம் எடுக்கவும் முடியாது. ஒரு கிலோ குழந்தையின் உடலில் ஓடும் மொத்த இரத்தமே 100 மில்லிக்குள்தான்.

அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் ராண்டல் மூர்மன், பமீலா கிரிஃபின் என்ற இரு மருத்துவர்கள் சராசரியை விட்டுவிட்டு ஒவ்வொரு துடிப்பையும் பார்த்தார்கள். நிமிடத்துக்கு 152 என்றால், ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் இடையே சுமார் 395 மில்லிநொடி. நலமாக இருக்கும் குழந்தையிடம் இந்த இடைவெளி 385, 402, 391 என்பதுபோல ஓயாமல் கூடிக் குறையும். தன்னியக்க நரம்புகள் இதயத்தை ஒரு பக்கம் விரட்டி, மறுபக்கம் இழுத்துப் பிடிப்பதால் வரும் ஆட்டம் இது. தொற்று தொடங்கும்போது இந்த ஆட்டம் அடங்கிவிடுகிறது. துடிப்பு அளவுக்கு மீறிச் சீராகிறது. நடுநடுவே சில நொடிகள் மட்டும் சட்டென்று வேகம் குறைந்து மீள்கிறது. வெளியே அறிகுறி தெரிவதற்குப் பல மணி நேரம் முன்பே இது தொடங்கிவிடும் என்பதுதான் என்னை அசரவைத்த விஷயம்.

ஆயிரக்கணக்கான துடிப்புகளை உட்கார்ந்து அளக்க எந்த மனிதராலும் முடியாது. அங்கேதான் இயந்திரக் கற்றல் வேண்டியிருக்கிறது. இடைவெளிகள் எவ்வளவு சிதறியிருக்கின்றன, சிதறல் வேகக் குறைவின் பக்கம் சாய்கிறதா, ஒரே வடிவம் திரும்பத் திரும்ப வருகிறதா என்று மூன்று அளவுகளைக் கணினி எடுக்கிறது. பின்னாளில் செப்சிஸ் வந்த குழந்தைகள், வராத குழந்தைகள் என இரு தரப்பின் பழைய பதிவுகளையும் காட்டிப் பழக்கிய சூத்திரம், அவற்றை ஒரே மதிப்பெண்ணாக்குகிறது. அடுத்த 24 மணி நேரத்தில் தொற்று வெளிப்படும் அபாயம் வழக்கத்தைவிட எத்தனை மடங்கு என்பதே அந்த மதிப்பெண். ‘ஹீரோ’ என்பது கருவியின் பெயர்.

இதைச் சோதித்த விதம் எனக்கு மிகவும் பிடித்தது. 9 மருத்துவமனைகளில், 1,500 கிராமுக்குக் குறைந்த எடையோடு பிறந்த 3,003 குழந்தைகள். எல்லோருக்கும் மதிப்பெண் கணக்கிடப்பட்டது. பாதிப் பேருடையதை மட்டும் மருத்துவர்களுக்குத் திரையில் காட்டினார்கள். பார்த்தபின் என்ன செய்ய வேண்டும் என்று எந்தக் கட்டளையும் இல்லை. 2011இல் முடிவு வெளியானது: திரையில் காட்டாத குழுவில் இறப்பு 10.2 சதவீதம், காட்டிய குழுவில் 8.1 சதவீதம்.

எல்லாக் கணினி எச்சரிக்கையும் இப்படிப் பலன் தருவதில்லை. அமெரிக்க மருத்துவமனைகள் பலவற்றில் ஓடிக்கொண்டிருந்த, பெரியவர்களுக்கான ஒரு செப்சிஸ் மென்பொருளை மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் சோதித்து 2021இல் எழுதினார்கள். செப்சிஸ் வந்த நோயாளிகளில் மூன்றில் இரண்டு பங்கினரை அது தவறவிட்டிருந்தது. அதோடு, அனுமதிக்கப்பட்டவர்களில் 18 சதவீதம் பேருக்கு எச்சரிக்கை மணி அடித்தது. இப்படி அடித்துக்கொண்டே இருந்தால் வார்டில் யாருடைய காதிலும் அது விழாது.

ஹீரோவின் மதிப்பெண்ணும் தொற்றால் மட்டும் ஏறுவதில்லை. மூச்சுத் திணறல் இருந்தாலும் ஏறும், அறுவைச் சிகிச்சைக்குப் பிறகும் ஏறும். அதனால் எண் உயர்ந்ததும் நர்ஸ் இன்குபேட்டரின் சின்னக் கதவைத் திறந்து குழந்தையைத் தொட்டுப் பார்க்கிறார். வயிறு உப்பியிருக்கிறதா, கால் சில்லிட்டிருக்கிறதா, மூச்சு இடையில் நிற்கிறதா? அப்புறம்தான் கல்ச்சருக்கு இரத்தம் எடுப்பதா என்ற முடிவு.