ஒரு கைப்பிடி மின்சாரம்

ஜூலை விடுமுறைக்கு, இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பனிலிருந்து டிராக்கன்ஸ்பர்க் மலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தோம். ஏழு பேர், இரண்டு கூடாரம், இரண்டு ராத்திரி. மச்சான் தன் பக்கியில் (பின்னால் சாமான் ஏற்றும் பிக்கப் வண்டி) பெட்ரோல் ஜெனரேட்டரை ஏற்றிக்கொண்டிருந்தார். "லோட்ஷெடிங் அப்போ வீட்டையே ஓட்டுச்சு, கேம்ப்புக்குப் பத்தாதா?" என்றார். பத்தும்தான். ஆனால் நாலு எல்இடி விளக்குக்காக அதைத் தூக்கிப்போவது மலையைக் கெல்லி எலி பிடிக்கிற வேலை. போதாக்குறைக்கு அதன் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. கூடாரத்துக்குப் பக்கத்தில் வைத்தால் தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். இறக்கிவைக்கச் சொன்னேன்.

அப்புறம் கணக்குப் போட்டோம். சமையல் மேசைக்கு 5 வாட் விளக்கு நாலு மணி நேரம் எரிந்தால் 20 வாட்-மணி. கூடாரத்துக்கு ஒன்றாக இரண்டு 1 வாட் விளக்கு, மூன்று மணி நேரத்துக்கு 6. கழிப்பறைப் பாதையில் விடிய விடிய எரிய ஓர் அரை வாட் விளக்கு, பத்து மணி நேரத்துக்கு 5. ஆக, ஓர் இரவுக்கு 31 வாட்-மணி. பழைய 60 வாட் குண்டு பல்பு அரை மணி நேரத்தில் தின்றுவிடும் அளவு அது. இரண்டு இரவுக்கு 62. கொஞ்சம் கூடக்குறைய ஆனாலும் 80 இருந்தால் போதும்.

இதை ஒரு பவர்பேங்க்கே கிட்டத்தட்டக் கொடுத்துவிடும். '20,000 மில்லி ஆம்பியர்-மணி' என்று மேலே கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். அந்த எண் உள்ளே இருக்கும் பேட்டரி செல்லின் 3.7 வோல்ட்டுக்கானது. 20,000 மில்லி என்றால் 20 ஆம்பியர்-மணி. அதை 3.7-ஆல் பெருக்கினால் 74 வாட்-மணி. வெளியே வரும்போது அதை 5 வோல்ட்டாக உயர்த்த வேண்டும். அதில் கொஞ்சம் சூடாகப் போய்விடும். கைக்கு வருவது 60, 65தான். கடையில் பெட்டியைத் திருப்பி, பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும் வாட்-மணியைத் தேடுங்கள். விமானத்தில் கைப்பையில் கொண்டுபோகும் 100 என்ற வரம்பும் அந்த எண்ணுக்குத்தான்.

பவர்பேங்க்கில் ஒரு வினோதம் உண்டு. முந்தின வருஷம் மகள் ஆசைப்பட்டாளே என்று ஒரு மெல்லிய சர விளக்கை அதில் மாட்டினேன். அரை நிமிஷம் எரிந்தது, அணைந்தது. பொத்தானை அமுக்கினேன், எரிந்தது, மறுபடி அணைந்தது. பிள்ளைகள் பேய்க்கதை பேச ஆரம்பித்துவிட்டார்கள். விஷயம் இதுதான்: பவர்பேங்க் போனுக்காகச் செய்யப்பட்டது. இழுக்கும் மின்னோட்டம் ரொம்பக் குறைந்தால் 'போன் நிரம்பிவிட்டது' என்று நினைத்துத் தன்னை மூடிக்கொள்ளும். நம் சரம் இழுத்தது அதைவிடக் குறைவு. இன்னொரு துளையில் ஒரு 2 வாட் விளக்கைச் செருகியதும் பேய் ஓடிவிட்டது.

மச்சானுக்கு அடுத்த யோசனை கேட் பேட்டரி. இங்கே தானாகத் திறக்கும் கேட் இருக்கும் வீட்டிலெல்லாம் மோட்டார் பெட்டிக்குள் ஒரு செங்கல் மாதிரி 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி ஈய-அமில பேட்டரி உட்கார்ந்திருக்கும். பெருக்கினால் 84 வாட்-மணி. ஆனால் பாதிக்கு மேல் இறக்கக்கூடாது. மின்சாரம் வெளியேறும்போது அதன் தகடுகளில் ஈய சல்பேட் படியும். உடனே சார்ஜ் செய்தால் கரைந்துவிடும். காலியாகவே கிடந்தால் பாறையாக இறுகி, அந்த இடம் அப்புறம் வேலை செய்யாது. ஆக நிஜத்தில் 42. ஓர் இரவுக்குத்தான் காணும். எடையோ இரண்டு கிலோவுக்கு மேல். பக்கியின் சொந்த பேட்டரியிலிருந்து இழுப்பது இன்னும் மோசம். அதன் தகடுகள் மெல்லியவை. எஞ்சினைக் கிளப்பச் சில விநாடி மின்னோட்டத்தை வாரிக் கொட்டவே பிறந்தவை. ராத்திரி முழுக்க விளக்கெரித்தால் காலையில் பக்கியைத் தள்ளத்தான் ஆள் வேண்டும்.

அதே கேட் பேட்டரி அளவில் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி கிடைக்கிறது. 12.8 வோல்ட், 7 ஆம்பியர்-மணி. கிட்டத்தட்ட 90 வாட்-மணி. அதில் 80 வரை தாராளமாக எடுக்கலாம், எடையும் ஏறக்குறைய பாதி. விலை கூடத்தான், ஆனால் ஆயிரக்கணக்கான தடவை சார்ஜ் தாங்கும். கடைசிவரை வோல்ட் பெரிதாக இறங்காது என்பதால் விளக்கு மங்கவே மங்காது. அதுவே தொல்லையும்கூட: முன்னறிவிப்பு இல்லாமல் சட்டென்று அணையும். நாங்கள் எடுத்துப்போனது இதைத்தான்.

230 வோல்ட் பிளக் வைத்த பெரிய பேட்டரிப் பெட்டிகளைப் பற்றி ஒரு வார்த்தை. அவற்றில் இருக்கும் இன்வெர்ட்டர் சும்மா விழித்திருக்கவே 5 முதல் 10 வாட் கேட்கும். 5 வாட் பல்பை அதில் மாட்டினால், பல்பு குடிப்பதைவிடப் பெட்டி குடிப்பது அதிகமாகிவிடும். விளக்குக்கு மட்டும் என்றால் யுஎஸ்பி அல்லது 12 வோல்ட் துளையே சரி.

ஜூலையில் அந்த மலையில் விடியற்காலை புல்லெல்லாம் உறைபனி. லித்தியம் பேட்டரி அந்தக் குளிரிலும் விளக்கெரிக்கும். ஆனால் 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்யக்கூடாது. லித்தியம் அயனிகள் பேட்டரிக்குள் இருக்கும் கிராஃபைட்டுக்குள் நுழைய முடியாமல் வெளியே உலோகமாகப் படிந்துவிடும். பேட்டரி நிரந்தரமாகக் கெடும். அதனால் ராத்திரி அதைத் துண்டில் சுற்றிக் கூடாரத்துக்குள்ளேயே வைத்தோம். வெயில் நன்றாக ஏறிய பிறகுதான் 20 வாட் சோலார் பேனலை மாட்டினோம். அங்கே குளிர்காலம் வறண்ட காலம், வானம் துடைத்துவிட்ட மாதிரி இருக்கும். நடைமுறையில் 12, 13 வாட் கிடைத்தாலும் ஐந்து மணி நேரத்தில் இரண்டு இரவுக்கானது சேர்ந்துவிடும்.

படம் எடுத்து அனுப்பினேன். மதுரையிலிருந்து சித்தப்பா உடனே கூப்பிட்டார். "பேனலை வடக்கே பார்த்து வெச்சிருக்கியே, தெற்கே திருப்புடா!" இங்கே நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே இருக்கிறோம், ஜூலையில் நடுப்பகல் சூரியன் வடக்கு வானத்தில் தாழ்வாகத்தான் போகும் என்று சொல்லிப் பார்த்தேன். "எனக்கே சூரியனைக் காட்டுறியா?" என்றார். போனை மச்சானிடம் கொடுத்துவிட்டேன்.